பசித்த தண்ணீர்

முடி விழுந்தபோது கறுப்பாகத்தான் இருந்தது. பத்மஜாவுக்கு அதில் சந்தேகமே இல்லை; விழுந்தது அவள் தலையிலிருந்து. சுத்திகரித்த தண்ணீர் நிறைந்த பீக்கருக்குள் அது சுருண்டு சுருண்டு இறங்குவதைப் பார்த்தாள். எடுத்துவிட வேண்டும் என்று நினைப்பதற்குள் மூலையிலிருந்த பம்ப் முனக ஆரம்பிக்க, எழுந்து போய் அதைச் சரிசெய்துவிட்டு, கீழே இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு வந்தாள். இடுக்கியால் வெளியே எடுத்தபோது அது தூண்டில் நரம்பு மாதிரி நிறமே இல்லாமல் தொங்கியது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நரைக்காவது ஒரு வெள்ளை உண்டு. இதற்கு அதுவும் இல்லை. முடியின் ஊடாக எதிர்ச் சுவரின் விரிசல் தெரிந்தது.

"கோபு, இதுல பிளீச் ஊத்தினது யாரு?"

எதிர் மேஜையில் குனிந்திருந்த கோபு நிமிர்ந்தான். "யாரும் எதுவும் ஊத்தல, பத்மஜாதி."

அந்த 'தி' அவளுக்கு எரிச்சல். வங்காளிகள் அக்கா என்பதைப் பெயரோடு ஒட்டிக் கூப்பிடும் பழக்கத்தை இவன் எப்போதோ பிடித்துக்கொண்டுவிட்டான். ஹவுராவில் ரயில்வே ஃபிட்டருக்குப் பிறந்தவன். வழிய வழியத் தேங்காய் எண்ணெய், தினமும் டப்பாவில் புளிச்சாதம், ஒரு பத்தி இங்கிலீஷ் எழுதினால் பத்தி முழுக்கப் பிழை. இவனும் ஆராய்ச்சி மாணவன், தானும் ஆராய்ச்சி மாணவி என்று ஒரே பலகையில் பெயர் எழுதி வைத்திருந்த பல்கலைக்கழகத்தின் மேல் அவளுக்கு என்ன மரியாதை இருக்க முடியும்?

"அப்போ முடி தானா வெளுத்துடுச்சா?"

"அந்தத் தண்ணி சரியில்ல, பத்மஜாதி. நானே சொல்லணும்னு இருந்தேன். அதை வெச்சிருக்கிற பாட்டிலெல்லாம் மெலிஞ்சுக்கிட்டு வருது. நேத்து ஒண்ணு கையிலேயே நொறுங்கிடுச்சு."

"மட்டமான பாட்டில் வாங்கினா நொறுங்கத்தான் செய்யும்."

அவன் நாக்கை மேலண்ணத்தில் உரசி உரசிப் பார்த்துக்கொண்டிருந்தான், வாய்க்குள் எதையோ தேடுகிறவன் மாதிரி. அருவருப்பாக இருந்தது. அவள் முடியைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

பொறாமை. வேறென்ன? டாலிகஞ்சின் ஓரமாக ஓடும் ஆதி கங்கைக் கால்வாயிலிருந்துதான் அவளுக்குத் தண்ணீர் வரும். ஓடும் என்று சொல்வதே மரியாதைக்காக. தார் போன்ற கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம், காளி பூஜை முடிந்த இந்த நவம்பரில் கரைத்த சிலைகளின் வைக்கோலும் சாயமும் வேறு. அதைக் கேன் கேனாகக் கொண்டுவந்து, பம்ப் அழுத்தத்தில் அவள் செய்த சவ்வின் வழியாகத் தள்ளினால், மறுபக்கம் சொட்டுவதில் தண்ணீரைத் தவிர எதுவும் இராது. மற்றவர்களின் சவ்வுகள் கொஞ்சம் உப்பை விட்டுவிடும். இவளுடையது எதையும் விடாது. மீட்டர் காட்டக்கூடிய ஆகக் குறைந்த எண்ணில் முள் போய் நின்றுகொள்ளும். அதற்குக் கீழே அளக்க இந்தக் கட்டடத்தில் கருவி கிடையாது. புரிந்துகொள்ள ஆளும் கிடையாது என்பது அவள் அபிப்பிராயம்.

வழிகாட்டிப் பேராசிரியர் நந்தியையும் சேர்த்துத்தான். நாடா வெட்டுவதற்கும் மாலை வாங்குவதற்கும் பிறந்த கழுத்து அவருடையது. அன்று மாலை உள்ளே வந்து, பீக்கரைத் தூக்கி விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டு, தன் வழக்கமான நிதான இங்கிலீஷில் சொன்னார்:

"அற்புதம், மா. ஆனா ஞாபகம் வெச்சுக்கோ, இவ்வளவு சுத்தமான தண்ணி பசியா இருக்கும். எதைத் தொட்டாலும் அதிலிருந்து எதையாவது எடுத்துக்கும். யாருக்காவது குடிக்கக் கொடுக்கறதா இருந்தா கொஞ்சம் உப்பைத் திருப்பிச் சேர்த்துடு."

முதல் வருடப் பாடப்புத்தகத்தில் வருவதை அவளுக்கே ஒப்பிக்கிறார்! "கண்டிப்பா சார்" என்று சிரித்தாள். டெல்லியிலிருந்து நிபுணர் குழு வரும் நாளில் ஆதி கங்கையை ஒரு கிளாஸில் ஊற்றி, ஒரு சிட்டிகையும் சேர்க்காமல், அவர்கள் முன்னால் குடித்துக் காட்டப் போகிறாள் என்பதை அவரிடம் சொல்லவில்லை. உப்புச் சேர்த்தால் அது எல்லோருடைய தண்ணீரும் மாதிரி ஆகிவிடும்.

தவிர, குடித்துப் பார்த்தாகிவிட்டது. அவள் அல்ல. அப்பா.

*

டாலிகஞ்ச் மெட்ரோவிலிருந்து ஆட்டோவில் போகும் தூரத்தில், பழைய அரசு ஊழியர் குடியிருப்பில் அவர்கள் வீடு. கீழே ஆழ்துளைக் கிணறு. அதன் தண்ணீர் வாளிகளைக் காவி நிறமாக்கும். துர்கா பூஜை விடுமுறையில் கோபுவை வரவழைத்து, சமையலறைக் குழாயில் தன் சவ்வு வைத்த சின்ன யூனிட்டை மாட்டச் செய்திருந்தாள். மனிதர்களிடம் சோதிப்பதென்றால் கமிட்டி, ஒப்புதல், கையெழுத்து என்று வருடக்கணக்கில் இழுப்பார்கள். அப்பாவிடம், "புது ஃபில்டர்ப்பா, இனிமே இதுல பிடிச்சுக் குடி" என்றால் போதும். சோதிப்பவர் சோதனைப் பொருளைத் தொடக்கூடாது என்பதால் தனக்கு மட்டும் வெளியே வாங்கும் தண்ணீர் ஜாடி ஒன்றை அறையில் வைத்துக்கொண்டாள்.

பார்த்தசாரதி துறைமுகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெறாதது வாய். சிமென்ட் மூட்டையோடு வந்து தரைதட்டிய கிரேக்கக் கப்பல், அதன் குடிகாரக் கேப்டன், அவனைத் தன் இங்கிலீஷாலேயே அடக்கிய கதை என்று தினமும் சாதத்தோடு பிசைந்து போடுவார். பொடி போடுவார். தும்மினால் கீழ்வீட்டுக் குழந்தை அழும். துண்டிலிருந்து பொடியும் திருநீர்மலைப் பச்சைக் கற்பூரமும் வியர்வையும் கலந்த ஒரு வாடை வீடு முழுக்க வீசும். ஆயுள் முழுக்க ஒரே நாற்காலியில் உட்கார்ந்து எதையும் கண்டுபிடிக்காமல் கழித்த மனிதருக்குப் பேச மட்டும் எப்படி இவ்வளவு இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

முதலில் உப்பு.

"ஏண்டி பத்மா, சாத்தமுதுல உப்புப் போட மறந்துட்டியா?"

"போட்டிருக்கேன்ப்பா. நாக்கு செத்துப்போச்சு உனக்கு."

மேலே போட்டுக்கொண்டார். இன்னும் போட்டுக்கொண்டார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். கிரேக்கக் கப்பல் ஒருநாள் தரைதட்டாமலே பாதிக் கடலில் நின்றுபோனது. "அப்புறம் அவன்..." என்றவர், தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு கப்பல் வரவே இல்லை. பொடி டப்பி அலமாரியிலேயே கிடந்தது. பத்மஜாவுக்கு வீடு இவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை; ஆய்வேட்டின் கடைசி அத்தியாயங்கள் தடதடவென்று எழுதி முடிந்தன. ஒருநாள் துணி மடிக்கும்போது அப்பாவின் துண்டை எதேச்சையாக முகர்ந்தாள். எந்த வாடையும் இல்லை. சோப்பு வாடைகூட. மூக்கில் வைத்தது துணி என்பதே தெரியாத மாதிரி இருந்தது. நல்லதுதான், என்று மடித்து வைத்தாள்.

காலையில் அவர் நெற்றியில் இட்டுக்கொள்ளும் சூர்ணம் நிற்காமல் மூக்கு வரை வழிந்து, அங்கிருந்து சட்டையில் சொட்டியது. துடைத்துவிட்டு மறுபடி இட்டார். மறுபடி வழிந்தது. அவர் கண்ணாடி முன்னால் பொறுமையாக இட்டுக்கொண்டே இருந்தார். லேபுக்குக் கிளம்பும் அவசரத்தில் அவள் அதைப் பார்த்தும் பார்க்காமல் செருப்பை மாட்டினாள்.

*

நவம்பரில் ஓய்வூதியக்காரர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். அவரைக் கரியாஹாட்டில் இருந்த வங்கிக் கிளைக்கு அழைத்துப்போனாள். மாற்றலாகி வந்திருந்த தமிழ் அதிகாரி ஒருவர், ரமேஷ்பாபு என்று மேஜையில் பெயர்ப்பலகை, அப்பாவின் கட்டைவிரலைப் பிடித்துக் கருவியில் அழுத்தினார்.

"எடுக்கல மேடம். வயசானவங்களுக்குக் கொஞ்சம் தேஞ்சிடும். வேற விரல் பாப்போம்."

ஒவ்வொரு விரலாக வைத்தார். கருவி ஒவ்வொரு முறையும் சிவப்பு காட்டியது. பிறகு அப்பாவின் கையைத் திருப்பி அருகில் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். விரல் நுனிகள் கூழாங்கல் போல வழவழவென்று இருந்தன. ரேகை தேய்ந்த அடையாளம்கூட இல்லை. அவர் கையை விட்டுவிட்டு, கர்சீப்பால் தன் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார்.

"சார் கை ரொம்ப ஈரமா இருக்கே... பரவால்ல. முகத்தை வெச்சே பண்ணிடலாம். சார், நேரா பாருங்க."

செல்போனை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தார். திரையில் ஒரு மஞ்சள் சதுரம் அலைந்தது. அப்பாவின் தோளுக்கு மேல் போய், பின்னால் நின்ற காவலாளியின் முகத்தில் உட்கார்ந்தது. காவலாளியை நகரச் சொன்னார். சதுரம் சுவர்க் காலண்டரில் இருந்த லக்ஷ்மியின் முகத்துக்குப் போனது. காலண்டரைத் திருப்பினார். சதுரம் திரை முழுக்கத் தேடிவிட்டு, அணைந்துபோனது.

"என்ன மட்டமான ஆப் இது?" என்றாள் பத்மஜா. "ஒரு ஆளை ஆள்னு கண்டுபிடிக்கத் தெரியல."

ரமேஷ்பாபு செல்போனை இறக்கிவிட்டு அப்பாவின் முகத்தைத் தன் கண்ணாலேயே தேடிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவளும் பார்த்தாள். பல மாதங்களுக்குப் பிறகு, முதல் தடவையாக. அப்பாவின் முகத்தில் சுருக்கங்கள் இல்லை. மூக்கோரத்து மச்சம் இல்லை. புருவம் இருந்த இடத்தில் ஒரு நிழல் மட்டும். கழுவிக் கவிழ்த்த பாத்திரம் போல இருந்தது அந்த முகம். டெல்லிக் குழு மறுநாள் வருகிறது. டாக்டரிடம் அடுத்த வாரம் காட்டலாம். வயதானால் இப்படித்தான்.

அன்று சாயங்காலம் கூடத்தில் விளக்குப் போட்டபோது, அப்பா அம்மாவின் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அம்மா அனந்தலக்ஷ்மி போனதிலிருந்து அந்தப் படத்திடம் சொல்லாமல் அவர் ஒரு காரியமும் செய்ததில்லை.

"இவா யாரு?" என்று கேட்டார்.

குரலில் குழப்பம் இல்லை. கவலை இல்லை. ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பற்றி விசாரிக்கும் குரல். கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல், சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தார். இன்னொன்று பிடித்தார். இன்னொன்று. ராத்திரி சாப்பாடு வரை அந்தக் குழாய் ஒழுகும் சத்தம் நின்று நின்று கேட்டுக்கொண்டே இருந்தது.

*

குழு வந்தபோது கோபு வரவில்லை. போன் எடுக்கவில்லை. அவன் இல்லாதது நல்லதாயிற்று, எண்ணெய் வாடை இல்லாமல் அறை பார்க்கும்படி இருந்தது. கோட்டுப் போட்டவர்கள் மேஜையைச் சுற்றி நின்றார்கள். ஒருபக்கம் ஆதி கங்கையின் கறுப்பு, மறுபக்கம் அவள் தண்ணீர். நந்தி முன்னுரை பேசி முடித்ததும், அவள் கிளாஸில் ஊற்றி உயர்த்தினாள். நந்தியின் முகம் மாறியது. "மா, வேண்டாம்" என்று அவர் கை நீட்டியபோது அவள் குடித்துவிட்டிருந்தாள்.

விசித்திரமாக இருந்தது. தண்ணீர் குடித்த உணர்வே இல்லை. நாக்கை நனைக்கவில்லை, தொண்டையைக் குளிர்விக்கவில்லை. எதையும் தொடாமல் நேராக உள்ளே போய், அடியில் எங்கோ நின்றுகொண்டது. எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் சற்றுத் தள்ளி, மூடிய கதவுக்கு வெளியிலிருந்து வருவது மாதிரி கேட்டது.

குழு போனதும் கீழே டீ வாங்கினாள். மண் குவளையில் சூடு மட்டும் இருந்தது. டீ இல்லை. இஞ்சி இல்லை, சர்க்கரை இல்லை. இன்னொன்று வாங்கினாள். பிறகு தாகம் வந்தது. வெயிலில் அலைந்தவனுக்கு வருவது போல நாக்கிலும் தொண்டையிலும் அது இல்லை. எலும்புக்குள் இருந்தது. பாட்டில் பாட்டிலாகக் குடித்தாள். குடித்ததெல்லாம் அந்த அடியில் நிற்பதன் மேல் விழுந்து காணாமல் போனது.

நாக்கை மேலண்ணத்தில் உரசிப் பார்த்தாள். கோபு உரசியது நினைவுக்கு வந்தது.

மெட்ரோவில் எஸ்பிளனேட் வரை போய், அங்கிருந்து நடந்து, படகுத்துறையில் டிக்கெட் வாங்கி ஹவுரா படகில் ஏறினாள். கூட்டம் வியர்த்து, கத்தி, வேர்க்கடலைத் தோலைத் துப்பிக்கொண்டிருந்தது. இந்த மந்தையோடு ஒட்டி நிற்பதை எப்போதும் வெறுப்பவள், இன்று அவர்கள் கழுத்துகளைப் பார்த்தாள். வியர்வை வழியும் கழுத்துகள். உப்புப் பூத்த கழுத்துகள். வாய் ஊறியது. பயந்துபோய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தாள். ஹூக்ளி சேறாகப் புரண்டது. குனிந்து குடித்துவிடலாம் போல இருந்தது.

ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் புகையடைந்த ரயில்வே குவார்ட்டர்ஸ். கதவைத் திறந்தவள் கோபுவின் அம்மா நாகலட்சுமி. அழுது வீங்கிய முகம்.

"நீதான் பத்மஜாவா? வாம்மா. எவ்ளோ சொன்னாலும் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்கறான். கேட்டா உப்பு வாங்கியாங்கறான். மளிகைக்கடைக்காரன் சிரிக்கிறான் என்னைப் பாத்து." குரலைத் தாழ்த்தினாள். "லைட்டைப் போட்டுடாதே. வெளிச்சத்துல அவனைப் பாக்க முடியல என்னால."

உள்ளறையில் ஜன்னலைச் சாக்கால் மறைத்திருந்தது. காலுக்கடியில் கல்லுப்பு நறநறத்தது. மூலையில் மூட்டைகளுக்கு நடுவே ஒரு உருவம் உட்கார்ந்திருந்தது. கை போவதும் வருவதும் தெரிந்தது. மெல்லும் சத்தம் மட்டும். கரக், கரக் என்று, ஓயாமல்.

"கோபு?"

"குடிச்சிட்டீங்களா, பத்மஜாதி?"

"நீ எதுக்குடா குடிச்சே? யார் உன்னைக் குடிக்கச் சொன்னா?"

"உங்க அப்பாவுக்கு மாட்டிக் கொடுத்தது நான்தானே. அவருக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு அன்னிலேருந்து நானும் டெய்லி கொஞ்சம் குடிச்சுப் பாத்தேன்." மெல்லும் சத்தம். "ருசி போனவுடனே நிறுத்திட்டேன். அது நிறுத்தல."

முட்டாள், என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை.

"தாகம் எனக்கு இல்ல, பத்மஜாதி. உள்ள இருக்கிறதுக்கு. உப்பைக் கொடுத்தா கொஞ்ச நேரம் என்னை விட்டுட்டு அதைத் தின்னுது. தீந்துட்டா மறுபடி என்கிட்ட வருது. நேத்து எங்கப்பா பேரு போயிடுச்சு. அம்மா சொல்லித்தான் தெரிஞ்சுது." கை மூட்டைக்குப் போய் நின்றது. "உங்கப்பா உப்பு திங்கிறாரா?"

அப்பா உப்புக் கேட்பதை நிறுத்தியது அவளுக்கு நினைவு வந்தது.

"போங்க. போய்ப் பாருங்க."

அவன் எழ முயன்றபோது சாக்கின் ஓட்டை வழியாக வந்த ஒளிக்கீற்று அவன் கையில் விழுந்தது. விழுந்து, நிற்காமல், தரைக்குப் போனது. உள்ளங்கையில் இருந்த உப்புக் கற்கள் மட்டும் அந்தரத்தில் மின்னின.

*

திரும்பி வருவதற்குள் இருட்டிவிட்டது. நவம்பர் மாலை, ஐந்து மணிக்கே புகையும் பனியுமாக இறங்கிவிடும். குடியிருப்பில் மின்சாரம் இல்லை. எதிர் பிளாக்கில் யாரோ இன்வர்ட்டர் விளக்குப் போட்டிருந்தார்கள். மாடிப்படியில் கீழ்வீட்டு வங்காளி அம்மாள் மெழுகுவர்த்தியோடு நின்றாள்.

"எங்க சீலிங் முழுக்க ஒழுகறது பத்மஜா" என்றாள் வங்க மொழியில். "மேஷோமொஷாயை, உங்கப்பாவை, கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். பதிலே இல்ல. என்ன தண்ணி அது? வாளியில பிடிச்சேன், வாளியில தண்ணி இருக்கறதே கண்ணுக்குத் தெரியல."

"அதைத் தொடாதீங்க" என்றாள் பத்மஜா.

"தொட்டா என்ன?"

"தொடாதீங்கன்னா தொடாதீங்க!"

இவளுக்கு எதைச் சொல்லிப் புரியவைப்பது என்ற பழைய அலுப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. அந்த அம்மாளின் பெயர் நினைவுக்கு வரவில்லை. சின்ன வயதிலிருந்து தெரிந்தவள். பூஜைக்குப் பூஜை தேங்காய் நாரு உருண்டை கொடுப்பவள். பெயர் இருந்த இடத்தில் வழவழவென்று ஒன்றுமில்லை.

படியேறினாள்.

சாவி பூட்டில் திரும்பியது. சத்தம் கேட்கவில்லை. கதவைத் திறந்தாள். வீட்டுக்கென்று இருந்த வாடை எதுவும் இல்லை. சமையலறை வாடை இல்லை, பழைய புத்தக வாடை இல்லை, ஈரத் துணி வாடைகூட இல்லை. காற்று மட்டும்.

"அப்பா?"



தரை ஈரம். செருப்பை மீறிப் பாதத்தைத் தொட்டது. குளிர் இல்லை. எதுவுமே இல்லை. தொடுகிறது என்பது மட்டும் தெரிந்தது. காலை இழுத்துக்கொண்டாள். எங்கே இழுப்பது? எங்கும் அதுதான்.

சமையலறைக் குழாய் மூடியிருந்தது. அப்படியானால் இது எங்கிருந்து வருகிறது?

கூடம். சுவரில் அம்மாவின் படம். சட்டம் இருந்தது. கண்ணாடி இருந்தது. உள்ளே வெறும் தாள். ஈரம் சுவரோடு ஏறியிருந்தது.

பால்கனிப் பக்கம் பிரம்பு நாற்காலி. அதில் வேஷ்டி. அதில் சட்டை. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தன.

எதிர் பிளாக் விளக்கு அவற்றின் மேல் விழுந்தது. சட்டைக் காலருக்கு மேல் பிரம்புப் பின்னல் தெரிந்தது. ஒவ்வொரு முடிச்சாகத் தெரிந்தது. ஆனால் வளைந்து. தண்ணீர் நிறைந்த ஜாடிக்குப் பின்னால் இருப்பது போல வளைந்து, பெருத்து.

அது திரும்பியது.

பின்னல்கள் எல்லாம் அதனோடு நெளிந்து திரும்பின. முகம் இருக்க வேண்டிய உயரத்தில் விளக்கு இரண்டு புள்ளிகளாகச் சேர்ந்தது. புள்ளிகள் மூடின. திறந்தன.

இமைக்கிறார்.

"அப்பா... நான்தாம்ப்பா."

அவருக்குத் தெரிந்ததா? புள்ளிகள் அவளையே பார்த்தன. கோபம் இல்லை. கேள்வி இல்லை. கீழே ஒரு பிளவு மெல்லத் திறந்து மூடியது. சொல் வரவில்லை. சொல்ல அங்கே எதுவும் மிச்சமில்லை.

ஓடு. கீழே போ. ஆளைக் கூப்பிடு.

யாரை? எந்தப் பெயரைச் சொல்லி?

சட்டைக் கை உயர்ந்தது. அதன் நுனியிலிருந்து ஐந்து தெளிவான நீட்சிகள். அவளை நோக்கி நீண்டன. ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு துளி திரண்டு, விழாமல் நடுங்கியது.

எலும்புக்குள் தாகம் எழுந்து நின்றது.

இல்லை, என்றாள். சத்தம் வரவில்லை. இல்லை இல்லை. கால்கள் நடந்தன. முழங்கால்கள் மடங்கின, ஈரத்தில், நாற்காலிக்கு முன்னால். அப்பாவின் கை முகத்துக்கு அருகில் இருந்தது. அழ வேண்டும் போல இருந்தது. கண்ணில் நீர் வரவில்லை. அதற்கும் உப்பு வேண்டும்.

அவள் வாயைத் திறந்து அந்த விரலை உதடுகளுக்கு நடுவே வைத்துக்கொண்டாள். உறிஞ்சினாள்.

விரல் போயிற்று. அடுத்தது. அவர் கையை இழுக்கவில்லை. இன்னும் அருகில் கொண்டுவந்தார், அவளுக்கு எட்டும்படி. இன்னொரு சட்டைக் கை மெல்ல எழுந்து, அவள் உச்சந்தலையில் படிந்து, குடிக்கக் குடிக்க, தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தது.